முடிவுரைக்கு மூன்று

சயானில் ஏறினால்
காட்கோபரில்தான் உட்கார இடம் கிடைக்கும்.
மடியில் முப்பத்தெட்டுத் தாள்,
எட்டாம் வகுப்பு, 'நான் கண்ட மழை'.
மேலே கிளிப்பில் அந்தக் கட்டம் போட்ட காகிதம்:
முன்னுரை மூன்று, கருத்து எட்டு,
பிழையின்மை ஆறு, முடிவுரை மூன்று.

அதைக் குறை சொல்ல மாட்டேன்.
அது வராத வருஷங்களில்
அச்சடித்த மாதிரி எழுதும் சுகிர்தாவுக்குப்
பாதி படித்ததுமே பதினெட்டு போட்டிருக்கிறேன்.
கோழிக் கிறுக்கல் மும்தாஜுக்கு
ஒரு தலைவலி நாளில் ஏழு.
கட்டம் வந்துதான் என் கையைப் பிடித்தது.
"ஏன் மிஸ் குறைச்சீங்க?" என்று வரும் அப்பாக்களிடம்
விரல் வைத்துக் காட்டவும் ஓர் இடம்.

பாண்டுப் தாண்டி இசக்கிராஜாவின் தாள்.
ஒரே பத்தி, முற்றுப்புள்ளியே இல்லை.
*வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு கட்டில் மேல டிவி
டிவி மேல தங்கச்சி தங்கச்சி கைல குடை
கூரையும் ஒழுகுதுல்ல*

முன்னுரை சுழி.
பிழை எண்ணி மாளவில்லை.
கருத்துக்கு எட்டுக்கு எட்டு;
அதற்கு மேல் கட்டத்தில் இடமில்லை.
கூட்டினாலும் எட்டுதான்.

கட்டத்தைப் போர்டில் எழுதிய அன்றே கேட்டான்:
"முடிவுரைக்கு மூணு மார்க், சரி டீச்சர்.
தண்ணி இன்னும் வடியலையே?"
வகுப்பு சிரித்தது.
நானும்தான்.

தாணே. பாதிப் பெட்டி காலியாகிறது.
எட்டை மாற்றவில்லை.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்:
தங்கச்சி பேர் என்ன?