அரை டிகிரி

உருக்காலையில் என் வேலை
சூட்டைப் படிப்பது.
ஆயிரத்து நூற்றெண்பது, ஆயிரத்து நூற்றெண்பத்திரண்டு
என்று நொடிக்கு நான்கு முறை சொல்லும் உலை.
அதற்கென்ன,
கட்டைவிரல் தடிமனில் கேபிள்,
அணையாத மின்சாரம், மூன்று ஷிஃப்டுக்கும் ஆள்.

ஏற்காட்டு வீட்டில்
நறுமுகையின் தலைமாட்டுச் சுவரில் நான் ஒட்டியது
ஒரு எள்ளுருண்டை அளவுதான் இருக்கும்.
வயிற்றில் ஒற்றை பட்டன் பேட்டரி,
செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ரூபாய்.

பத்து நொடிக்கு ஒருதரம் சொல் என்று வைத்தேன்.
மேலே அவர்கள் இரண்டு பேர்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே,
குரங்குச்சாவடி வாடகை அறையில்,
விசிறி தலைக்குமேல் கடகடக்க
ஸ்வெட்டர் கேட்கும் ஓர் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
17.4
17.4
17.4
17.3
அந்த மூன்றைக் கண்டதும் சென்றாயனை அழைப்பேன்:
ஜன்னல் சாத்தியிருக்கா?
“சாத்தியிருக்கு. நீ தூங்கு, எங்களையும் தூங்கவிடு.”

பத்தொன்பது நாள் இப்படி.
வெள்ளிக்கிழமை காலையில் 16.8.
இரவும் 16.8.
சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடிந்து பார்த்தேன், 16.8.
என்ன நிதானமான அறை என்று
உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.
உலையில் இப்படியொரு நேர்கோடு வந்தால்
மறுநிமிடம் கருவியைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

ஞாயிறு மதியம்தான் அவன் சொன்னான்:
“அது வியாழக்கிழமையே செத்துப்போச்சு.
வெள்ளி ராத்திரி என்னா பனி!
பாப்பாவுக்கு மூக்கடைப்பு, மடியிலேயே வச்சிருந்தேன்.
நீ கூப்பிடலையா,
பார்த்துட்டுத்தான் கம்முனு இருக்கேன்னு நெனச்சேன்.”

நான் எண்ணை நம்பியிருந்தேன்.
அவன், நான் அழைக்காததை.

கடைசி பஸ்ஸில் ஏறிப் போனேன்.
குழந்தை தூங்கியபின் சமையல்கட்டு வெளிச்சத்தில்
மூடியைத் திறந்து கணக்குப் போட்டேன்.
அளப்பதற்குச் செலவே இல்லை அதற்கு,
அரைத் தூக்கத்திலேயே அளந்துவிடும்.
செலவெல்லாம் வாயைத் திறப்பதில்தான்:
எழுந்து, சுவர் தாண்டிக் குரல் கொடுத்து,
கேட்டதா என்று காத்து நின்று, திரும்பப் படுத்து.
ஒரு தடவை பேசும் காசில்
நாற்பது நிமிடம் தூங்கலாம்.
குளிரில் பேட்டரிக்கு மூச்சு வேறு வாங்கும்.
நானோ பத்து நொடிக்கொருமுறை தட்டியெழுப்பி
ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

புதுசாக எழுதினேன்.
அரை டிகிரி மாறினால் சொல்.
மாறாவிட்டால் சும்மா இரு.

அங்கே கை நின்றுவிட்டது.
சும்மா இருப்பதும் செத்துப்போவதும்
என் திரையில் ஒரே கோடு.

ஆகவே இன்னும் ஒரு வரி:
சொல்ல எதுவும் இல்லையென்றாலும்
மணிக்கு ஒருமுறை, இருக்கிறேன் என்று சொல்.
இரண்டு மணி தவறினால்
பழைய எண்ணைக் காட்டாதே, அழித்துவிடு.
வெறும் கட்டம் போதும்,
கட்டத்தைப் பார்த்தால் பயப்படத் தெரியும் எனக்கு.

“இனி எத்தனை நாள் வரும்?”
அடுத்த கோடைவிழா தாண்டும் என்றேன்.
“அரை டிகிரின்னா எவ்ளோ?”
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஜன்னலை ஒரு விரல் திறந்தேன்.
பனி உள்ளே வந்து
கம்பளியின் ஓரத்தை முகர்ந்தது.
சுவரைப் பார்த்தபடி நின்றோம்,
கரண்ட் வரும் வரும் என்று நிற்பவர்கள் மாதிரி.
நறுமுகை ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.
அப்புறம்தான் சுவரில் அந்தச் சிவப்புப் புள்ளி
சிமிட்டியது.
“உம்பொண்ணு ஃபாஸ்ட்” என்று ஜன்னலைச் சாத்தினான்.

ஐந்து மணி பஸ்.
பாதி வளைவுக்குமேல் சிக்னல் இல்லை.
அடிவாரத்தில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது:
17.9, அரை டிகிரி கூடியிருக்கிறது.
அவன் அடுப்பைப் பற்றவைத்திருக்கலாம்,
அவள் சுவர்ப்பக்கம் புரண்டிருக்கலாம்,
கிழக்கு ஜன்னலில் வெயில்கூட வந்திருக்கலாம்.
அழைக்க எடுத்த விரல்
எண்ணின்மேலேயே நின்றது.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.
ஆறுக்கு ஒரு ‘இருக்கிறேன்’ வர வேண்டும்.
கண்டக்டர் மீதிச் சில்லறை தந்தார்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.