ஏழு இறாத்தல்

பன்குளம் தாண்டி மூன்றாம் கட்டையில்
முதல் எஞ்சின் செத்தது.
சொல்லிவிட்டுத்தான் செத்தது:
பேணிக்குள் பரல் குலுக்கினாற்போல் ஒரு சத்தம்.
அதை நான் ரேடியோவைக் கூட்டி மூடினேன்.
பிறகு ஒயில் கம்பிக் குழாயால் நீலப் புகை.
கழற்றிப் பார்த்தால் இரண்டாம் பிஸ்டனின் விளிம்பு
தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி விழுந்து கிடந்தது.

எண்ணூறு சீசீ. மூன்று சிலிண்டர்.
சந்தைக்குப் போய்வரச் செய்த வண்டி.
அதற்குள் புயலை விட்டவள் நான்.

சீனக்குடா மா ஆலையில் எனக்கு இரவு வேலை,
மூன்று கம்பிரசர் என் பொறுப்பு.
காற்றை அமுக்கினால் சூடேறும் என்பது
சம்பளத்துக்குத் தெரியும்.
வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும்.

இந்த முறை அவசரமில்லை.
புளொக்கை மீன் லொறியில் ஏற்றிப்
பாலையூற்றில் டெரிக்கின் லேத்துக்குக் கொண்டுபோனேன்.
அரை மில்லி கடைந்தான்.
“பிஸ்டன் வார்த்ததோ?”
“இல்லை, அடித்தது.”
“என்ன விலை?”
சொன்னேன்.
லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
“கார் அவ்வளவு பெறாதே, பிள்ளை.”

வளையங்களை நானே அரத்தில் தேய்த்தேன்.
ஒரு நுனி மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி.
தேய்த்து, துடைத்து, சிலிண்டருக்குள் இறக்கி,
இடைவெளியில் தகடு நுழைத்து,
எடுத்து, திரும்பவும் தேய்த்து.
கொம்பனி விட்டது இருபது,
எனக்கு வேண்டியது முப்பத்தைந்து,
மில்லிமீற்றரை நூறாய் வெட்டிய கணக்கில்.
சூட்டில் இரும்பு நீளும்.
நீள இடம் இல்லையென்றால்
நுனியும் நுனியும் முட்டிச் சுவரைக் கீறும்,
கடைசியில் பிஸ்டனையே பிளக்கும்.
இறுக்கம்தான் பலம் என்று நினைத்திருந்தேன்,
முப்பத்தொன்பது வயது வரை.

பிஸ்டன் தலையில் இப்போது சிறு பள்ளம்.
ஒன்பதரை அமுக்கம் எட்டரைக்கு இறங்கிற்று.
ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே
மூன்று தரம் சுற்றி வந்து இறுக்கினேன்.
டேர்போவுக்கு எண்ணெய் கொடுப்பது லேசு,
மெல்லிய குழாய் போதும்.
திரும்பிப் போகும் வழிதான் பெரிது:
பெருவிரல் அகலம், எங்கும் வளையாமல், கீழ்நோக்கி.
அதற்காக ஸ்டார்ட்டரை இரண்டு தரம் கழற்றினேன்.
மூன்றாம் தரம் அழுதேன்.
முழங்கை சுட்டதால் என்று வைத்துக்கொள்ளலாம்.

யுத்தக்கால எண்ணெய்த் தாங்கிகள்
காட்டுக்குள் வரிசையாய் நிற்கும் ஊரில்
தொண்ணூற்றைந்து பெற்றோல்
இந்தக் கிழமை ஒரே ஒரு செட்டில்.
கான் இரண்டோடு வரிசையில் நின்றேன்.

கிண்ணியாவிலிருந்து நவ்பர் மடிக்கணினியோடு வந்தான்.
கல்யாண வீட்டுச் சமையல்காரன் உப்புப் பார்ப்பதுபோல்
புகைக்குழாயில் விரல் வைத்து, கறுப்பைப் பார்த்து,
பெற்றோலைக் கொஞ்சம் கூட்டினான்,
தீப்பொறியை இரண்டு பாகை பின்னுக்கு இழுத்தான்.
“பத்து இறாத்தல் தாங்கும் அக்கா. பன்னிரண்டும் தாங்கும்.”
நான் ஏழுக்கு ஸ்பிரிங் போட்டேன்.
ஏழு இறாத்தல் பாண் என்றால்
எங்கள் வீட்டில் ஒரு கிழமை.

ஆயிரம் கிலோமீற்றர் மெல்ல ஓட்டினேன்.
ஓட்டோக்கள் எல்லாம் முந்திப் போயின.

நேற்று, வேலை முடிந்து, விடியமுன்,
நிலாவெளி வீதியில் மாடுகள் எழும்பாத நேரம்,
இறக்கக்கண்டிப் பாலத்துக்கு முன் நேர்த் துண்டில்
மிதித்தேன்.
எறிந்துவிடப் போன மூச்சைப் பிடித்து
எஞ்சின் தனக்கே ஊதிக்கொண்டது.
ஊசி ஏறி, ஏழைத் தொட்டு, நின்றது.
நின்றதுதான் எனக்குப் பிடித்தது.
காது கொடுத்தேன். ரேடியோவை எப்போதோ கழற்றிவிட்டேன்.
பரல் இல்லை.
சீழ்க்கை மட்டும், உப்புக்காற்றோடு.

உப்புவெளி வாசலில் நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை.
டேர்போ சுற்றி ஆறவேண்டும்,
அதுவரை எண்ணெய் ஓடவேண்டும்,
இல்லையென்றால் உள்ளே கருகும்.
பக்கத்து வீட்டு லைட் எரிந்தது,
மதிலுக்கு மேலால் ஜெசிந்தாவின் தலை.
“யசோ, வந்திட்டியோ, போறியோ?”
“வந்திட்டன்.
இன்னும் நாற்பது செக்கன்.”