ஈற்றடி

குதைபியாவில் சலவைக்கடைக்கு மேலே ஒரு மொட்டைமாடி.
கடைசி இஸ்திரிப்பெட்டி ஆறிய பிறகுதான் ஏறுவோம்,
வியாழன் இரவு, பத்து தாண்டி.
முதல் வாரம் நாலு பேர்.
மினா சல்மானில் கிரேன் ஓட்டும் செபமாலை,
கட்டட வரைபடம் போடும் நாச்சியப்பன்,
சல்மானியா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் மெஹருன்னிசா,
பதிவேடு எழுத நான்.
ஒருவர் ஈற்றடி கொடுப்பார்.
மற்ற மூன்றடியையும் அடுத்த வியாழனுக்குள்
கட்டிக்கொண்டு வரவேண்டும்.
வேறு விதி கிடையாது என்றுதான் தொடங்கினோம்.

அப்புறம் விதிகள் வந்தன.
அரசியல் கூடாது.
ஊர்ப்பெயரை இழுத்துச் சண்டை கூடாது.
சம்பளம் வராததைப் பற்றி
ஆளுக்கு மாதம் ஒரு வெண்பா போதும்.
எல்லாம் என் கையெழுத்துத்தான். மறுக்கவில்லை.

மூன்றாம் வருஷம் பதினேழு பேர்.
நாற்காலி போதாமல் சோப்புத்தூள் டிரம்களில் உட்கார்ந்தோம்.
சித்ராவில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித்
துரு சுரண்டும் பரஞ்சோதி சொல்வான்:
உள்ளே ஒரு வரியைச் சொன்னால்
எதிரொலியே அசை பிரித்துக் கொடுத்துவிடும்.
நம்பினோம். அவனுக்கு ஒருநாளும் தளை தட்டியதில்லை.

தட்டியது வேறிடத்தில்.
செபமாலை ஒரு வெண்பாவில் கிரேன் என்று எழுதினார்.
க்ரேனா, கிரேனா?
நேரா, நிரையா?
நாச்சியப்பன் கேட்டார், சிரித்துக்கொண்டுதான்.
"நாற்பது மீட்டர் ஏறி உட்கார்ந்து பாரும்,
நிரையென்று தெரியும்."
யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை.
மெஹருன்னிசா, நரம்பு அகப்படாத கையைத் தட்டுவதுபோல
இரண்டு பேரையும் மெல்லத் தட்டிப் பார்த்தாள்.
சுபுஹ் பாங்கு சொல்லும்வரை ஓயவில்லை.
மறுவாரம் நாச்சியப்பன்
உம் அல் ஹசத்தில் வேறு மாடி பிடித்தார்,
ஆறு பேரோடு.
அங்கே வடசொல்லுக்கும் அனுமதியில்லை என்று கேள்வி.

மற்றவர்களை யாரும் பிரிக்கவில்லை.
விசா முடிந்தது. கம்பெனி மூடியது.
மெஹருன்னிசா அயர்லாந்து போனாள்.
பரஞ்சோதி போனது எங்கே என்றே தெரியாது,
பாதி வெண்பா ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஒரு ஜூலை வியாழன்
செபமாலை ஈற்றடி கொடுத்தார்,
துணியில் குறியிடும் சாக்கட்டியால் தண்ணீர்த்தொட்டிமேல் எழுதி:
உப்புநீர் மேலே ஒளி.
ஞாயிறு காலை ஷிஃப்டுக்கு எழுந்திருக்கவில்லை.
பெட்டி ஊர்போகப் பதினோரு நாள் ஆனது.
ஒன்பதாம் நாள், கையெழுத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டபோது
நாச்சியப்பன் வந்து நின்றார்.
பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:
"நிரையென்றே வைத்துக்கொள்வோம்."

அந்த அடிக்கு யாரும் வெண்பா கொண்டுவரவில்லை.
சலவைக்கடையும் போய்விட்டது,
இப்போது அங்கே கண்ணாடிக்கடை.

போன மாதம், தெரியாத எண்ணிலிருந்து:

எப்போதும் தேநீர் எடுத்துவந்து, நீங்களெல்லாம்
தப்பென்று சொன்ன தளைகளை நானெண்ணி,
கப்பலைப் பார்த்தபடி கண்டேன் விடிகாலை
உப்புநீர் மேலே ஒளி.

கீழே, "மாடியில் டீ கொடுத்தவன். இப்போது ஹித் துறைமுகத்தில்."

பென்சில் எடுத்தேன், பழைய புத்தி.
காய் முன் நேர். மா முன் நிரை.
மறுபடியும் மேலிருந்து.
ஒன்றும் அகப்படவில்லை.
ஒன்பது வருஷம் கழித்து நாச்சியப்பனுக்கு அனுப்பினேன்.
"சுத்தம். யார் இது?"

பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
வந்தவர், வராதவர், கோபித்துக்கொண்டு போனவர்
எல்லோரும் இருக்கிறார்கள், இனிஷியலோடு.
அவன் இருப்பது
பின்னட்டையில், செலவுக் கணக்கில்,
என் கையெழுத்தில்,
வாராவாரம்:
டீ, 900 பில்ஸ்.