இனி என்றோர் எழுத்து

சியாத்துராவில் ஜன்னலைத் திறந்தால் மாங்கனீசு.
காலையில் துடைத்த விளிம்பில்
மதியத்துக்குள் மறுபடி ஒரு விரல் கறுப்பு.
"அந்தத் தூசியிலேயே எழுதிக் காட்டேன்" என்றார்
பாலர் பள்ளி நிர்வாகி நானுலி.
எனக்கு எழுதிக் காட்ட வராது.
பதினேழு வருடம் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுத்தவள்.
மன்றத்தை மூடினார்கள்.
நான்கு பாய்கள், ஒரு விசிலோடு
இங்கே வந்து சேர்ந்தேன்.

எங்கள் எழுத்து முப்பத்துமூன்று.
எல்லாம் வளைவு, கொக்கி, தொப்பை.
நானுலிக்கு அது கையெழுத்து.
எனக்கு முதுகெலும்பு.

அனிக்குத் தலையைச் சாய்த்து
வயிற்றை உள்ளே இழு.
தானிக்கு உருண்டு, முழங்காலைக் கட்டிக்கொள்.
லாசிக்கு மூன்று பேர் வேண்டும்,
மூன்று மேடாகக் குனிய.
பார்பரே நடுமேடாக மட்டுமே நிற்பாள்.
ஓரத்தில் குளிருமாம்.
ஜானியில் இருவர் குறுக்காகப் படுக்க வேண்டும்:
காலையில் ஒருவரையொருவர் கடித்துவைத்த
வாஜாவையும் தேக்லாவையும்தான் அனுப்புவேன்.
வேறு யாரும்
அவ்வளவு இறுக்கமாக ஜானி ஆவதில்லை.

இனி என்பது பாலம்.
மல்லாந்து படு. உள்ளங்கை காதருகே.
பாதத்தை ஊன்று. இடுப்பு, இடுப்பு,
இடுப்பை விளக்குக்குக் காட்டு.
அடியில் ஒரு பந்தை உருட்டிவிடுவேன்.
அப்பால் போய்விட்டால் அது எழுத்து.
முட்டி நின்றால்
இன்னும் பிள்ளைதான்.

மதியத் தூக்கத்தில்
கட்டில் வரிசையைப் படித்துக்கொண்டு போவேன்,
இடமிருந்து வலம்.
போர்வைக்குள் அடுத்தடுத்து ஐந்து மெய்,
நடுவில் ஓர் உயிர்கூட இல்லை.
எங்கள் மொழியில் அது பிழையில்லை,
நாக்கு பழகிவிடும்.
ஆறாவது கட்டிலில் கேகா.
குப்புற, விறைப்பாக,
எந்த எழுத்தாகவும் இல்லாமல்.

மூன்று வாரமாகப் பாயின் விளிம்பில் உட்கார்ந்து
கிழிசலிலிருந்து பஞ்சு பிடுங்குகிறான்.
அப்பா இலையுதிர்காலத்தில் போலந்துக்குப் போனார்,
மீன் தொழிற்சாலைக்கு.
நான் கூப்பிடவில்லை.
விளிம்பில் உட்கார்கிறவர்கள்
எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்று
மன்றத்திலேயே தெரிந்துகொண்டிருந்தேன்.
பஞ்சு போனது போகட்டும்.

வியாழக்கிழமை வாசலில் அவன் அம்மா லியா
கைபேசியை என் மூக்கருகே நீட்டினாள்.
"பாருங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு."
திரையில் ஒரு விடுதி அறை.
ஈரக் கையுறைகள் காயும் குழாய்.
தரையில், பனியன் மேலேறி,
தொப்புள் கூரையைப் பார்க்க
ஒரு பெரிய மனிதர்.
கேகாவின் குரல் இந்தப் பக்கமிருந்து,
அசல் என் குரல்:
"இடுப்பு, இடுப்பு!"
அவர் எழுந்தார். கை நடுங்கியது.
"பந்து போடுங்க" என்றது குரல்.
அங்கே பந்து இல்லை.
யாரோ ஓர் உருளைக்கிழங்கை உருட்டிவிட்டார்கள்.
அது பாதி வழியில் நின்றது.
அதன் மேலேயே விழுந்தார்.
கட்டில்களிலிருந்து சிரிப்பு,
இரண்டு மூன்று மொழிகளில்.
லியாவும் சிரித்தாள், பிறகு
கைபேசியைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள்,
எதை முதலில் என்று தெரியாமல்.

வெள்ளிக்கிழமை
விசில் ஊதும் முன்பே
நடுப்பாயில் மல்லாந்து கிடந்தான் கேகா.
"அப்பா விழுந்துட்டாரு."
"பார்த்தேன்."
"விரல் எந்தப் பக்கம் பாக்கணும்னு கேட்டாரு.
எனக்குத் தெரியல."
"தோளைப் பார்த்து."

உள்ளங்கைகளைத் திருப்பி வைத்தான்,
ஜன்னல் விளிம்பு ஒட்டிய பத்து கறுப்பு விரல்களும்
தோளைப் பார்க்க.
சரியா என்று என்னைக் கேட்கவில்லை.
"பந்து" என்றான்.