முழு உரிமை

தவணை பதினொன்றும் கட்டியாயிற்று.
ஆனாலும் என் போனில்
அழிக்க விடாத ரம்மி ஆட்டம் ஒன்று
வாடகையில்லாமல் குடியிருந்தது.

சோமனூரில் தறி நின்ற ராத்திரி
பூட்டைத் திறந்தேன்.
வாரண்டி போகும் என்றது.
சரி.
இருப்பதெல்லாம் அழியும் என்றது.
சரிங்க.
இருபது நிமிசம் கறுத்துக் கிடந்தது.
செங்கல்தான் போல என்று
கையில் எடுத்து எடை பார்த்தேன்.

அப்புறம்
டாலர் குறி விலகி
பட்டிப் படலாட்டம்
குறுக்கும் நெடுக்குமாய் ஒரு குறி.
உள்ளே போனேன். ரம்மியைத் துரத்தினேன்.

விடிகாலை டீ, பன்னெண்டு ரூவா.
பேங்க் ஆப் திறக்கவில்லை:
இந்தப் போனை நம்ப முடியாதாம்,
யார் கைக்குப் போனதோ தெரியாதாம்.
என் கைக்கு வந்திருக்கிறது என்று
சொல்ல அதில் பட்டன் இல்லை.

நாச்சிமுத்தண்ணன் நோட்டை விரித்து
வெள்ளியங்கிரி, ஒரு டீ
என்று எழுதிக்கொண்டார்.