முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்

பாஸல் நகரத்தில் ஜூலை.
காலை ஐந்து மணிக்கு ரைன் ஆற்றில் படியிறங்கி
கல்லில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்
குப்பியில் அடைப்பது என் வேலை.
மூடியில் தேதி, இடம், நீரின் வெப்பம்,
ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்து.
பத்து வாரக் கோடைப் பயிற்சிக்குக்
கௌனாஸிலிருந்து வந்தவள்
இந்த ஊரில் எழுதிவைத்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஏழாம் வாரம் வெயில் முற்றியது.
ஆய்வகத்தில் ஏசி கிடையாது.
"இங்கே அதெல்லாம் தேவைப்பட்டதில்லை" என்பார்கள்,
நெற்றியைத் துடைத்துக்கொண்டே.
ஃபுளூரின் எங்கிருந்தோ ஒரு மின்விசிறி தூக்கிவந்து
என் மேசையில் வைத்தான்.
செருக இடமில்லை. ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினான்.
வெள்ளி மாலை அது.

திங்கள் காலை உறைபெட்டியைத் திறந்தால்
முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகளிலும்
வெதுவெதுப்பான பச்சைக் கஷாயம்.
விசிறி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
காலி நாற்காலிக்கு.

பேராசிரியர் பூர்க்ஹால்டர் கண்ணாடியைக் கழற்றினார்,
மாட்டினார்,
"இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே" என்றார்.
ஃபுளூரின் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.
செவ்வாய், புதன், வியாழன்...
இடுக்கியைக் கைமாற்றும்போதுகூட
விரல் படாமல் கைமாற்றினோம்.

சனிக்கிழமை ஊர் சுற்றிக்காட்ட வந்து நின்றான்.
முன்பே பேசிவைத்தது.
வேண்டாம் என்பதற்கு
இருவரில் ஒருவர் வாய் திறந்திருக்க வேண்டும்.
செங்கல் நிறக் கல்லில் கட்டிய பெரிய தேவாலயம் பார்த்தோம்.
எஞ்சின் இல்லாத படகில் ஏறினோம்.
குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஆறு தள்ளத் தள்ள அக்கரை போகிறது அது.
டிராமில் எல்லை தாண்டி ஒரு ரொட்டி வாங்கி
எல்லை தாண்டித் திரும்பினோம்.
எதைப் பற்றியும் எனக்குக் கருத்தில்லை.

மிருகக்காட்சிசாலையில்
கொரில்லாக்களின் கண்ணாடிச் சுவருக்கு முன் நல்ல கூட்டம்.
உள்ளே இபாலோ உட்கார்ந்திருந்தது,
எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி.
புறமுதுகு என்பது போரில் தோற்றவன் காட்டுவது.
இது வேறு.
கதவகலத்துக்கு வெள்ளி பூத்த ரோமம்,
கடை சாத்தியாயிற்று என்பதுபோல.
பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள்.
தொப்பி வைத்த ஒருவர் தன் மார்பில் குத்திக் காட்டினார்;
அவர் மனைவி
யாரோ எவரோ என்று தள்ளி நின்றுகொண்டார்.
எங்கிருந்தோ ஒரு குட்டி வந்து
அந்த முதுகில் ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது,
இபாலோ சேர்த்துவைத்திருந்த கோஸ் தண்டுகளை
எட்டிப் பறித்துக் கீழே போட்டு மிதித்தது.
இபாலோ திரும்பவில்லை.
கை மட்டும் பின்னால் வந்து தடவித் தேடிக்
குட்டியின் காலைப் பிடித்து
நேராக உட்காரவைத்தது.

"உனக்கு ரொம்ப வியர்த்தது" என்றான் ஃபுளூரின்,
கண்ணாடியைப் பார்த்தபடியே.
ஐந்து நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.
"தெரியும்" என்றேன்.
கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு விடியற்காலைக் குப்பிகள்.
ஆனால் ரொட்டியைப் பிய்த்தபோது
பெரிய துண்டு அவன் பக்கம் போனது.

மாலையில், ஊர்க்காரர்கள் செய்வதுபோல,
துணிகளை நீர்புகாப் பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு
ரைனில் இறங்கினோம்.
பை மிதந்தது, பையைப் பிடித்து நாங்கள் மிதந்தோம்.
நான் முன்னால் போனேன்,
அவனுக்கு என் முதுகு தெரியும்படி.
நான் இறங்கும் படித்துறைகள் ஒவ்வொன்றாக நழுவின.
சுரண்டிய கல்லில்கூட
மீசை அரும்பினாற்போல் ஒரு பச்சை.

பாலத்தடியில் அவன் குரல் எதிரொலித்தது:
"தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும்?"
"இருபத்து நாலு" என்றேன்,
கையில் வெப்பமானி இல்லாமலே.
திங்களன்று
அளந்து பார்க்க வேண்டும்.