எட்டாவது பதிவிறக்கம்

சத்துவாச்சாரி, ஆட்சியர் அலுவலகம், பி பிளாக்.
மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
தொகுப்பூதியம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை
ஒருநாள் வேலையை விட்டு நிறுத்தி
மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள்.

மாவட்டத்தின் முகநூல் பக்கம் என் விரலில் இருக்கிறது.
அமைச்சர் மரக்கன்று நட்டால் மூவாயிரம் விருப்பம்.
வெயில் நூற்றெட்டு, மோர் குடியுங்கள் என்று போட்டால்
ஆயிரம், கூடவே நாலைந்து வசவு.
வெளிப்படைத்தன்மை என்று சுற்றறிக்கை வந்தபின்
ஏரிக் கணக்கையும் நான்தான் ஏற்றுகிறேன்:
ஊர், பரப்பு, தூர்வாரிய கனமீட்டர், தொகை,
பணி முடிந்ததற்கு ஒரு படம்.
யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இலவசம்.

எட்டு மாதத்தில் பதிவிறக்கம் ஏழு.
ஏழும் நான்.
திறக்கிறதா என்று பார்க்க.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
படிக்க ஆளில்லாத கணக்கு என்று
நானும் ஒன்றைச் சேர்த்து
டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை
எட்டு என்றிருந்தது.
பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடப்பது கேட்டதுபோல
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அந்த எட்டு வந்தது,
பேரணாம்பட்டிலிருந்து, முதல் பேருந்தில்.
பெயர் மெஹராஜ் பானு.
ஷூ கம்பெனியில் ஜோடி பார்க்கிற வேலை.
தோலின் நிறம், தையலின் இடைவெளி,
இடதுக்கு வலது ஒத்துப்போகிறதா என்று
நாளைக்கு எண்ணூறு ஜோடி.
மனுவோடு மூன்று தாள் வைத்திருந்தார்,
வரிசை 41, 58, 112.
மனுவைக் கணினியில் ஏற்றுவதும் நான்தான்.

"இந்த வெள்ளாட்டப் பாருங்க சார்.
மூணு ஏரியிலயும் அதே எடத்துல
அதே காதைத் தூக்கிக்கிட்டு நிக்குது.
எங்க கம்பெனிக்கு இது வந்தா
மூணும் எடதுகால்னு திருப்பி அனுப்பிடுவோம்."

ஆட்டை அவர் பார்த்தார்.
கரையில் விழுந்திருந்த நிழலை நான் பார்த்தேன்:
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
கைபேசியைத் தூக்கிப் பிடித்த ஒருவன்,
தலையில் தவலை கவிழ்த்த மாதிரி.
அன்றைக்குப் பெட்ரோலுக்கு முந்நூறுதான் கொடுத்தார்கள்.
மீதி ரெண்டு ஊருக்கும் இதையே போடு என்றது
யாரென்று இங்கே எழுதினால்
பன்னிரண்டாவது மாதம் எனக்கு வராது.

மனு எண் கொடுத்தேன்.
உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று தட்டினேன்.
ரசீதை மடிக்காமல் நின்றார்.
"படம் புடிச்சது யாருங்க சார்?"
அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டதாகக்
குனிந்துகொண்டேன்.

மதியம் கண்காணிப்பாளர் வந்து
அந்தக் கோப்பை எடுத்துடுப்பா என்றார்.
சர்வர் மெதுவா இருக்கு சார் என்றேன்.
பொய்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில்
அந்த ஒரு பொய்யை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.
ஐந்தரைக்குப் பதிவிறக்கம் இருபத்தாறு.
ஷூ கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் விட்டபோது
நூற்றுநாலு.

ஞாயிற்றுக்கிழமை என் காசில் பெட்ரோல் போட்டு
குடியாத்தம் தாண்டிப் போனேன்.
வரிசை 58: கரை முதல் கரை வரை சீமைக்கருவேலம்.
ஜேசிபியின் பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.
மதகின் மேல் யாரோ புளியங்கொட்டை காயவைத்திருந்தார்கள்.
வரிசை 112இல் ஏரி பாதிதான்.
மீதியில் மஞ்சள் அடித்த மனைக்கல்.

ஹெல்மெட்டை வண்டியில் மாட்டினேன்.
சாயும் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று
நிழல் விழுகிற மாதிரி
வேண்டுமென்றே கொஞ்சம் நகர்ந்து எடுத்தேன்,
தேதியோடு, அட்சரேகை தீர்க்கரேகையோடு.

யாரையும் கேட்கவில்லை.
இரவு பத்தே காலுக்குப் புதிய கோப்பை ஏற்றினேன்.
பதிவிறக்கம்: பூஜ்யம்.

திறக்கிறதா என்று
இந்தத் தடவை நான் பார்க்கவில்லை.